கூந்தன்குளத்துக்காரர்கள் தியாகிகள் அல்லர்

பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பிக்கு,

குறுக்குத்துறைப் படித்துறையில் வைத்து நீ கேட்டது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. “ஆத்துக்கும் குளத்துக்கும் பறவைக்கும் நாமளே பொறுப்புன்னு இருந்தா, எப்பதான் ஐயா சந்தோஷமா இருக்கது?” என்றாய். கூடவே ‘தியாகம்’ என்றும் ஒரு சொல்லைப் போட்டாய். அந்தச் சொல்தான் முள்ளாகத் தைத்துவிட்டது. மேடைக்கு மேடை அதைச் சொல்லிச் சொல்லியே இளம்பிள்ளைகளை மிரட்டி வைத்திருக்கிறார்கள்.

மூலைக்கரைப்பட்டிப் பக்கம் கூந்தன்குளம் இருக்கிறதே, அங்கே போயிருக்கிறாயா? மணிமுத்தாறு அணைக் கால்வாயின் தண்ணீர்தான் அந்தக் குளத்துக்கும் வருகிறது. ஆக, நம் தாமிரபரணியின் உறவு. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கரையோடு நிற்பதில்லை. ஊருக்குள் வந்து வீட்டுப் புழக்கடை மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்து வருகிறது. கூரையெல்லாம் வெள்ளை வெள்ளையாக எச்சம், தெருவெல்லாம் மீன் கவிச்சி. நானே முதல் தடவை மூக்கைப் பொத்தினேன். ஊர்க்காரர்கள் பொத்தவில்லை. தீபாவளிக்கு அங்கே வெடிச்சத்தம் கிடையாது. கேட்டால், பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்த பிள்ளையை யாராவது விரட்டுவார்களா என்கிறார்கள். எச்சம் ஊறிய வண்டலும் தண்ணீரும் அவர்கள் வயலுக்கு உரம். கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சுகளை எடுத்து, மீன் ஊட்டி வளர்த்தவர் பறவைக்காவலர் பால்பாண்டி. மகள் வீட்டுக்கு வந்திருக்கும்போது சத்தம் போடாமல் நடப்பதற்குத் தியாகம் என்றா பெயர்?

அதற்கு வேறு பெயர் இருக்கிறது: ஒப்புரவு. திருக்குறளின் 22ஆம் அதிகாரமான ‘ஒப்புரவறிதலை’ நீ மதிப்பெண்ணுக்காகப் படித்திருப்பாய். இப்போது உவமைகளை மட்டும் எண்ணிப் பார். முதல் குறளில் மழை. பிறகு ஊருணி, ஊர் நடுவே பழுத்த மரம், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரம். ஊரோடு ஒத்து வாழ்கிறவனுக்கு உவமை தேடிய வள்ளுவர் அரசனிடமோ வள்ளலிடமோ போகவில்லை. நீரிடமும் மரத்திடமும்தான் போனார். ஒப்புரவைவிட நல்லது தேவருலகத்திலும் கிடைக்காது என்கிறார். இந்த அறத்தை அறிந்தவனே உயிர் வாழ்கிறான், மற்றவன் செத்தவர் கணக்கு என்றும் சொல்லிவிடுகிறார். பரிமேலழகர் ஒரு படி மேலே போகிறார்: அறநூல் எடுத்துச் சொல்லாமல் மனிதன் தானே அறிந்து செய்வது என்பதால்தான் தலைப்பில் ‘அறிதல்’ வந்தது என்பது அவர் கருத்து. நாற்பது வருஷமாக அந்த உரையைப் புரட்டுகிறேன். கூந்தன்குளத்துக்குப் போன பிறகுதான் அந்த இடம் எனக்குத் துலங்கியது. அரசு அந்தக் குளத்தைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது 1994இல். உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம் கிடைத்தது 2022இல். பறவைக்கு இடம் கொடுக்க அந்த ஊர் இரண்டுக்கும் காத்திருக்கவில்லை.

இதில் சந்தோஷம் எங்கே என்று நீ கேட்பாய். 2008இல் எலிசபெத் டன் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள்: தனக்கென்று செலவழித்தவர்களைவிடப் பிறருக்குச் செலவழித்தவர்களே மகிழ்ச்சியாக இருந்தார்கள் என்று. சோதனை செய்து சொன்னதால் உன் வயதுப் பிள்ளைகள் நீங்கள் நம்புவீர்கள். நம்புங்கள், நல்லதுதான்.

ஆனால் அதே ஆற்றின் மேற்பக்கம் பாபநாசத்துக்குப் போய்ப் பார், வயிறு எரியும். பொதிகையிலிருந்து தெளிந்து இறங்கிவரும் தண்ணீரில் முங்கி எழுந்து, பாவம் தீரும் என்று உடுத்திய துணியை அங்கேயே அவிழ்த்துவிட்டுப் போகிறார்கள். பாலியஸ்டர் மக்குமா? தன்னார்வலர்கள் மூட்டை மூட்டையாக அள்ளுகிறார்கள். தன் பாரத்தை ஆற்றின் தலையில் இறக்கி வைத்துவிட்டு நிம்மதி கிடைத்தது என்று பஸ் ஏறுவதை நான் நிம்மதி என்று ஒப்பமாட்டேன். அது பக்தியும் இல்லை தம்பி. கீழே திருநெல்வேலியிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்களை மறந்த அசட்டை.

கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது, பொறுத்துக்கொள். தை பிறந்ததும் ஒரு நாள் ஒதுக்கி வை. கூந்தன்குளத்துக்குச் சேர்ந்தே போவோம். அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் அரைநாள் பேசாமல் உட்கார். பறிபோய்விடும் என்று நீ பயப்படுகிற சந்தோஷம் எது என்று சாயங்காலம் எனக்குச் சொல்.

அன்புடன்,
உன் தமிழ் ஐயா