தளத்துண்டு மாதிரிகள்: அவற்றின் பயனும் எல்லையும்

மேட்டூரிலிருந்து மாதேசுவரன் மலைக்குச் செல்லும் சாலையில், தமிழ்நாட்டின் எல்லையில் பாலாறு குறுக்கிடுகிறது. அதற்கப்பால் உள்ள பகுதி முன்னர் மைசூரு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்துள் அடங்கும். அங்குள்ள மலைச்சரிவு ஒன்றை முக்கோண அட்டைகளை ஒட்டி உருவாக்குவதாகக் கொள்வோம். சமநிலத்திற்குப் பெரிய அட்டைகள் சில போதும்; மடிப்புகள் மிகுந்த சரிவிற்குச் சிறிய அட்டைகள் பல வேண்டும். எத்தனை ஒட்டினும் அது மலையன்று, மலையின் ஒப்புருவே. கணிப்பொறியில் இயந்திர உறுப்புகளை வரைவோர் கையாளும் தளத்துண்டு மாதிரியும் இத்தகையதே.

இருவகை மாதிரிகள்

கணிப்பொறியில் ஓர் உருளையை இரு முறைகளில் குறிக்கலாம். அதன் அச்சு, ஆரம், உயரம் ஆகியவற்றைக் கொண்டு வரையறுப்பது துல்லிய மாதிரி. எத்துளை முதலில் இடப்பட்டது, எவ்விளிம்பு பின்னர் மழுக்கப்பட்டது என்னும் வரலாறும் இதனுடன் சேர்ந்திருக்கும். புறப்பரப்பை முக்கோணங்களாகப் பகுத்து, அவற்றின் முனைகள் இருக்கும் இடங்களை மட்டும் குறித்து வைப்பது தளத்துண்டு மாதிரி. வரலாறு நீங்கியதால் இது இலேசானது.

பாலாற்றங்கரையில் ஒரு நீரேற்று நிலையத்தை வரைவதாக வைத்துக்கொள்வோம். பம்பு, மோட்டார், குழாய்கள், வால்வுகள், போல்ட்டுகள் என உறுப்புகள் ஆயிரக்கணக்கில் சேரும். அனைத்தையும் துல்லிய மாதிரிகளாகத் திறந்தால் கணிப்பொறியின் நினைவகம் திணறும். குழாய் அமைப்பவருக்கு மோட்டாரின் உட்சுருள் வேண்டுவதில்லை. வெளியுருவும் போல்ட்டுத் துளைகளின் இடமும் தெரிந்தால் போதும். மோட்டார் செய்பவரும் தம் தொழில் நுணுக்கத்தை வெளியிடாமல் வெளியுருவை மட்டும் அளிக்க முடிகிறது.

த்ரீ-டி சிஸ்டம்ஸ் நிறுவனம் 1987-இல் வகுத்த எஸ்.டி.எல். கோப்பு முக்கோணங்களை மட்டுமே கொண்டது. 2012-இல் பன்னாட்டுத் தரமாக வெளியிடப்பட்ட ஜே.டி. கோப்பிலோ தளத்துண்டுகளும் துல்லிய வடிவமும் ஒருங்கே இருக்கலாம். தொலைவிலிருந்து காண்பதற்குப் பருமையான துண்டுகளும், அருகில் காண்பதற்கு நுண்ணிய துண்டுகளும் வைக்கலாம்.

பிழையின் கணக்கு

உருளையின் வட்டத்தை அதனுள் அமைந்த ஒழுங்குப் பலகோணமாகக் கொள்க. பக்கத்தின் நடுப்புள்ளி உண்மை வட்டத்திலிருந்து விலகும் அளவே பிழை. அது, ஆரம் × (1 − கோசைன் (180° ÷ பக்க எண்ணிக்கை)) ஆகும். ஆரம் 50 மி.மீ. ஆயின், 12 பக்கங்களுக்குப் பிழை 1.70 மி.மீ.; 36 பக்கங்களுக்கு 0.19 மி.மீ.; 72 பக்கங்களுக்கு 0.05 மி.மீ.

இருபுறமும் மூடிய உருளைக்கு வேண்டும் முக்கோணங்கள் முறையே 44, 140, 284. இரும முறையில் எழுதிய எஸ்.டி.எல். கோப்பில் ஒரு முக்கோணத்திற்கு 50 பைட்டுகள் ஆகும். பக்கங்களை இரட்டித்தால் கோப்பு ஏறக்குறைய இருமடங்காகிறது. பிழையோ நான்கில் ஒன்றாகக் குறைகிறது.

எச்சரிக்கைகள்

முதலாவது, பொய்யான இடைவெளி. 12 பக்க உருளையின் தட்டைப் பக்கம் சுவரை நோக்கியிருந்தால், இடையே 1.70 மி.மீ. இருப்பதாகத் திரை காட்டும். உண்மையில் உருளை சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதனை நம்பிக் கட்டுமானம் முடிந்தபின், உறுப்பு அவ்விடத்தில் அமையாது.

இரண்டாவது, பொய்யான மோதல். 50 மி.மீ. ஆரமுள்ள தண்டு 50.05 மி.மீ. ஆரமுள்ள துளையில் தடையின்றிச் சுழலும். இரண்டையும் 36 பக்கங்களாக்கினால் துளையின் தட்டைப் பக்கங்கள் 49.86 மி.மீ. வரை உள்வாங்கும். தண்டின் முனைகள் அவற்றுக்கு நேரே வரும்போது மோதல் இருப்பதாகத் திரை அறிவிக்கும்.

மூன்றாவது, எடைக் குறைவு. 12 பக்க உருளையின் கன அளவு உண்மையைவிட 4.5 விழுக்காடு குறைவு. 36 பக்க உருளையில் 0.5 விழுக்காடு குறைவு. தாங்கும் பீடத்தின் வலிமையை இவ்வெடையைக் கொண்டு கணித்தல் தகாது.

ஆதலின், இடம் பார்க்கவும் காட்சிக்கும் தளத்துண்டு மாதிரியைக் கொள்க. பொருந்துமிடங்களின் அளவிற்குத் துல்லிய மாதிரியையே நாடுக. சோதிக்க வேண்டிய மிகச்சிறிய இடைவெளியைவிட மாதிரியின் பிழை பன்மடங்கு சிறிதாக இருத்தல் வேண்டும். பிறருக்கு மாதிரியை அனுப்புவோர் அதன் பிழையளவையும் உடன் குறித்தனுப்புதல் நன்று.

வகுப்பறைக்கு

இதனைக் கணிப்பொறியின்றியே கற்பிக்கலாம். 10 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தினுள் அறுகோணம் வரையச் செய்க. பக்கத்தின் நடுவிலிருந்து வட்டம் வரை 13.4 மி.மீ. இருக்கும். பன்னிரு கோணத்தில் அது 3.4 மி.மீ.; இருபத்துநான்கு கோணத்தில் 0.9 மி.மீ. ஒவ்வொரு முறையும் பிழை ஏறத்தாழக் கால் பங்காவதை மாணவர் தம் அளவுகோலாலேயே காண்பர். பாஸ்கரர் 1150-ஆம் ஆண்டளவில் இயற்றிய லீலாவதியில், வட்டத்தினுள் அமையும் மூன்று முதல் ஒன்பது கோணங்கள் வரையுள்ள உருவங்களின் பக்க அளவுகளைக் காணும் விதி உள்ளதையும் எடுத்துக்காட்டலாம். வளைவை நேர்க்கோடுகளால் அணுகும் முயற்சி பழையது; எஞ்சிய பிழை எவ்வளவென்று கேட்கும் பழக்கத்தையும் மாணவருக்கு அதனுடன் ஊட்டுதல் ஆசிரியர் கடனாகும்.