பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்

கருநாடக மாநிலத்தின் கோலார் தங்கவயலில் 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கத்தொழிலைத் தொடங்கியது. வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து குடிபெயர்ந்த தமிழர் பலர் அங்கே உழைத்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் உடையது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. அவற்றில் இறங்கி உழைத்தோர் இன்று முதியவராயினர். அவர்கள் நினைவிலுள்ள செய்திகளுள் பல இன்னும் ஏட்டில் ஏறவில்லை.

அத்தகைய முதியவர் ஒருவரின் வீட்டை எண்ணிப் பார்க்கலாம். தாத்தாவுக்குச் சொல்ல விருப்பம் உண்டு. கை நடுங்குவதால் எழுத இயலவில்லை. பேத்தி தமிழைப் படிப்பாள். விரைந்து தட்டச்சுச் செய்ய அறியாள். வீட்டில் கணினி இருக்கிறது. இவ்விருவருக்கும் துணையாகக் கூடியது பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்.

1952இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் உருவாக்கிய ‘ஆட்ரி’ என்னும் கருவி, சுழியம் முதல் ஒன்பது வரையிலான எண்களின் பெயர்களை மட்டுமே அறிந்தது. 2017இல் கூகுள் தன் குரல்வழித் தட்டச்சில் தமிழையும் சேர்த்தது. மென்பொருள் ஒலியைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கிறது. முன்னர்ப் பலருடைய பேச்சிலிருந்து கற்ற ஒலிவடிவங்களோடு ஒப்பிடுகிறது. பொருந்தக்கூடிய சொல்லைத் தெரிவு செய்கிறது. ஆதலால் அது மிகுதியாகக் கேட்ட பேச்சை நன்கு அறியும். அரிதாகக் கேட்ட வட்டார வழக்கில் தடுமாறும். ‘குழி’ என்பது ‘குளி’ ஆகலாம்; ‘பாறை’ என்பது ‘பாரை’ ஆகலாம். கன்னடமும் தெலுங்கும் ஆங்கிலமும் கலந்த தங்கவயல் தமிழில் பிழைகள் இன்னும் மிகலாம்.

எனவே, மென்பொருளைத் தெரிவு செய்யுமுன் மூன்றினை ஆராய்தல் வேண்டும். முதலாவது, பிழையின் அளவு. தாத்தாவின் பேச்சில் நூறு சொற்களைப் பதிவு செய்து, இரண்டு மென்பொருள்களுக்கும் அதனையே கொடுத்துப் பிழைகளை எண்ண வேண்டும். செய்தி வாசிப்பவரின் குரலில் சிறந்து விளங்குவது தாத்தாவின் குரலிலும் சிறக்கும் என்பது உறுதியன்று. இரண்டாவது, குரல் செல்லுமிடம். கூகுள் டாக்ஸின் குரல்வழித் தட்டச்சுக்கு இணையம் தேவை; குரல் வெளியிலுள்ள கணினிக்குச் செல்கிறது. 2022இல் வெளிவந்த ‘விஸ்பர்’ மென்பொருளை வீட்டுக் கணினியிலேயே நிறுவி, இணையமின்றி இயக்கலாம். குடும்பச் செய்தியை வெளியே அனுப்பலாமா என்பதைத் தாத்தாவிடமே கேட்டறிதல் முறை. மூன்றாவது, கணினியின் திறன். விஸ்பரின் பெரிய வடிவம் ஆற்றல் குறைந்த கணினியில் மிக மெதுவாக இயங்கும்.

எதனைத் தெரிவு செய்யினும், மூல ஒலிப்பதிவை அழித்தல் கூடாது. எழுத்தில் ‘குளியில் இறங்கினோம்’ என வந்திருப்பின், பதிவை மீண்டும் கேட்டுத் திருத்தலாம். ஐயம் எழின் தாத்தாவையே வினவலாம். மென்பொருள் எழுதித் தரும். அவர் சொன்னது அதுதானா என்று சரிபார்க்க வேண்டியவள் பேத்தியே.

சொற்பொருள்
சுழியம் – பூச்சியம்
பாரை – கடப்பாரை
ஐயம் – சந்தேகம்
வினவுதல் – கேட்டல்

வினாக்களுக்கு விடை எழுதுக
1. தங்கவயல் சுரங்கங்கள் எப்போது மூடப்பட்டன?
2. வட்டார வழக்கில் மென்பொருள் தடுமாறுவது ஏன்?
3. மூல ஒலிப்பதிவை ஏன் அழித்தல் கூடாது?

பொருள் வேறுபாடு தோன்றத் தொடரில் அமைக்க
குழி – குளி. பாறை – பாரை. அறை – அரை

செயல்
வீட்டுப் பெரியவர் ஒருவரின் இளமைக்கால நிகழ்ச்சியை, அவர் இசைவுடன் ஒலிப்பதிவு செய்க. அதனைக் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக. அவர் வழங்கிய வட்டாரச் சொற்களை மாற்றாது எழுதி, பொருளும் தருக.