உள்ளே ஆறும் காயம்

அன்புள்ள கயல்,

உன் கடிதம் வந்தது. குடல்வால் ஆபரேஷன் முடிந்து நன்றாகத் தேறி, பள்ளிக்கும் போகத் தொடங்கிவிட்டாய் என்று அறிந்து மகிழ்ச்சி. “வெளியே மூன்று சின்னத் தழும்புதான் தெரிகிறது. உள்ளே என்ன இருக்கும் அத்தை?” என்று கேட்டிருக்கிறாய். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பயம் இருப்பதும் புரிகிறது. பக்கத்துப் படுக்கை அம்மாவுக்கு, எப்போதோ செய்த ஆபரேஷனால் குடல் ஒட்டிக்கொண்டு மறுபடி வயிற்றைத் திறந்தார்கள் என்று கேள்விப்பட்டாயாம். நீ பிளஸ் டூவில் உயிரியல் படிப்பவள். மழுப்பாமல் முழுதாகவே சொல்கிறேன்.

வயிற்றறையின் உட்சுவரையும் உள்ளே உள்ள பெரும்பாலான உறுப்புகளையும் பெரிட்டோனியம் என்ற மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. அதன் மேற்பரப்பு ஒரே ஓர் அடுக்குச் செல்களால் ஆனது. மடிப்புகளையெல்லாம் பிரித்து விரித்தால் ஏறக்குறைய உன் தோலின் பரப்பளவு வரும். நடுவே சில தேக்கரண்டி திரவம். இவ்வளவுதான் ஏற்பாடு. ஆனால் இதன் தயவில்தான் சுமார் ஆறு மீட்டர் சிறுகுடல் இரவும் பகலும் நெளிகிறது, சாப்பிட்டதும் இரைப்பை விரிகிறது, மூச்சை இழுத்தால் கல்லீரல் கீழே இறங்குகிறது. ஒன்றன்மேல் ஒன்று கிடந்தாலும் ஒன்றோடொன்று உராய்ந்து புண்ணாவதில்லை.

கத்தி பட்டாலோ, கிருமி தாக்கினாலோ, வெளிக்காற்றில் உலர்ந்தாலோ அந்த ஒற்றை அடுக்கு உரிந்துவிடும். உரிந்த இடத்தில் புரதம் நிறைந்த நீர் கசியும். அதிலுள்ள ஃபைப்ரினோஜன், ஃபைப்ரின் இழைகளாக உறையும். விரலில் வெட்டுப்பட்டால் ரத்தத்தை உறையவைப்பதும் இதே ஃபைப்ரின்தான். அருகருகே கிடக்கும் இரண்டு காயப் பரப்புகளை இந்த இழைகள் சில மணி நேரத்திலேயே பிணைத்துவிடும்.

இது தற்காலிகப் பிணைப்பு. இதைக் கரைக்கவும் உடலிடம் வழி உண்டு. பெரிட்டோனியத்தின் செல்கள் சுரக்கும் ஒரு பொருள், பிளாஸ்மினோஜனைப் பிளாஸ்மினாக மாற்றுகிறது. பிளாஸ்மின் ஃபைப்ரினைக் கரைக்கிறது. முதல் சில நாட்களில் இந்தக் கரைப்பு வேலை நடந்துவிட்டால் ஒட்டு கலைந்துவிடும், ஒரு வாரத்துக்குள் புதிய செல் அடுக்கும் வந்துவிடும். இதில் ஒரு விந்தை உண்டு. தோலில் பட்ட காயம் ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி மூடுகிறது. பெரிட்டோனியமோ பரப்பு முழுவதிலும் ஒரே சமயத்தில் ஆறுகிறது. அதனால் உள்ளங்கை அகலக் காயமும் நகக்கண் அளவுக் காயமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் குணமாகிவிடும்.

கரைப்பு வேலை தோற்றால்தான் வில்லங்கம். பரப்பு கசங்கி, ரத்தமும் ஆக்சிஜனும் குறைந்துபோனால் பிளாஸ்மின் போதுமான அளவுக்கு உருவாவதில்லை. கரையாத ஃபைப்ரின்மீது நார்ச்செல்கள் குடியேறும், கொலாஜன் இழைகளைப் பின்னும். பிறகு ரத்தக்குழாய்கள் நுழையும், நரம்பிழைகளும் ஓடும். அதற்குப் பின் அது வெறும் பசையாக இராது, உயிருள்ள திசுவாகிவிடும். மருத்துவமனையில் நாங்கள் ‘அட்ஹீஷன்’ என்று சொல்லும் ஒட்டுத்திசு இதுதான். சில ஒட்டுகள் சிலந்தி இழைபோல் மெலிந்திருக்கும், விரலால் தள்ளினாலே விலகும். சில ஒட்டுகள் குடலைச் சுவரோடு சேர்த்து, எது எதன் பரப்பு என்றே தெரியாதபடி இறுக்கியிருக்கும்.

உடல் எதற்காக இப்படிச் செய்கிறது? லண்டன் அறுவை மருத்துவர் ஹெரால்ட் எல்லிஸ் 1962இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விடை தந்தது. பெரிட்டோனியத்தில் பெரிய காயம் இருந்தால் இழுத்துத் தைத்து மூடிவிட வேண்டும், இல்லையென்றால் ஒட்டிக்கொள்ளும் என்பது அதுவரை இருந்த நம்பிக்கை. விலங்குகளில் சோதித்துப் பார்த்தபோது நடந்தது நேர்மாறு. திறந்தபடி விட்ட காயங்கள் பெரும்பாலும் வழவழப்பாக ஆறின. இறுக்கித் தைத்த இடங்களில்தான் ஒட்டுகள் வந்தன. தையலின் இறுக்கத்தில் ரத்தம் வற்றிய திசுவுக்குப் பக்கத்து உறுப்பு ஒட்டிக்கொண்டு புதிய ரத்தக்குழாய்களைக் கொண்டுவந்தது. அதாவது ஒட்டு என்பது பெரும்பாலும் உதவிக்கு வந்த திசு. வேலை முடிந்த பிறகும் அது கிளம்பிப் போகாததுதான் தொல்லை.

உன் வயிற்றிலேயே அந்த உதவி நடந்திருக்கக்கூடும். குடல்வால் வீங்கும்போது, குடலின் முன்னே தொங்கும் ஒமென்டம் என்ற கொழுப்புத் திரை அங்கே நகர்ந்து சுற்றி ஒட்டிக்கொள்ளும். குடல்வால் வெடித்தாலும் சீழ் வயிறு முழுவதும் பரவாமல் ஓரிடத்தில் அடைபட்டிருப்பது பல நேரம் இதனால்தான். ஒட்டவே தெரியாத வயிறு, முதல் கிருமித் தாக்குதலிலேயே நம்மைக் கொன்றிருக்கும். இன்னும் பின்னால் போனால், தாயின் கருவில் இருந்தபோதே உன் பெருங்குடலின் சில பகுதிகள் முதுகுச் சுவரோடு ஒட்டி அங்கேயே நிலைத்துவிட்டன. அந்த ஒட்டு இல்லாதவர்களுக்குக் குடல் முறுக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம்.

இப்போது கணக்குக்கு வருவோம். எல்லிஸும் மென்சீஸ் என்ற மருத்துவரும் 1990இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏற்கெனவே வயிற்று ஆபரேஷன் ஆகி, மறுபடி வயிறு திறக்கப்பட்ட 210 பேரில் 93 சதவீதத்தினருக்கு ஒட்டுகள் இருந்தன. முதல் முறையாகத் திறக்கப்பட்டவர்களிலோ சுமார் 10 சதவீதத்தினருக்குத்தான். முதல் எண்ணைப் பார்த்ததும் பயப்படாதே. ஒட்டு இருப்பது வேறு, ஒட்டினால் நோய் வருவது வேறு. பெரும்பாலோர் அப்படி ஒன்று உள்ளே இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள். ஸ்காட்லாந்தில் 1986இல் வயிற்றையோ இடுப்பறையையோ திறந்து ஆபரேஷன் செய்துகொண்ட 29,790 பேரைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்கள் மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்த தடவைகளில் ஒட்டுதான் நேரடிக் காரணம் என்று உறுதியானவை 5.7 சதவீதம். ஆனால் அந்தச் சேர்க்கைகள் முதலாண்டோடு நிற்கவில்லை, பத்தாண்டு முழுவதும் வந்துகொண்டே இருந்தன. பக்கத்துப் படுக்கை அம்மாவுக்கு நடந்ததும் இதுதான். தழும்பு வெளுத்து மறந்துபோன பிறகும் ஒட்டு வேலை காட்டலாம்.

அது காட்டும் வேலைகளில் அவசரமானது குடல் அடைப்பு. நார் ஒன்றின்மேல் குடல் மடங்கினாலோ, நாருக்கு அடியில் நுழைந்து மாட்டிக்கொண்டாலோ, மடங்கிய தோட்டத்து ரப்பர் குழாயில் தண்ணீர் நிற்பதுபோல் உள்ளே எல்லாம் நின்றுவிடும். வயிறு விட்டுவிட்டு முறுக்கி வலிக்கும், உப்பும், வாந்தி வரும், மலமும் காற்றும் பிரியாது. எல்லோருக்கும் உடனே கத்தி எடுப்பதில்லை. வாய்வழி எதுவும் கொடுக்காமல், மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விட்டு, டிரிப் ஏற்றிக் காத்திருந்தாலே பலருக்கு அடைப்பு தானாக விலகும். எக்ஸ்ரேயில் தெரியும் ஒரு திரவத்தைக் குழாய் வழியே செலுத்துவதும் உண்டு. அது 24 மணி நேரத்துக்குள் பெருங்குடலை எட்டிவிட்டால் பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது. மாட்டிக்கொண்ட குடலுக்கு ரத்தம் நின்றுவிட்டால் மட்டும் காத்திருக்கவே கூடாது. காய்ச்சலும் விடாத வலியும் அதன் அடையாளங்கள்.

பெண்களுக்கு இதில் தனிக் கணக்கு உண்டு. கருக்குழாயும் சினைப்பையும் ஒட்டிக்கொண்டால் கருத்தரிப்பது கடினமாகலாம். சிசேரியனுக்குப் பிறகு சிறுநீர்ப்பை கருப்பையோடு ஒட்டியிருந்தால், அடுத்த சிசேரியனில் குழந்தையை எட்ட நேரம் பிடிக்கும், சிறுநீர்ப்பை காயப்படவும் கூடும். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். ஆகவே இது நம் வீடுகளுக்கு வெகு அருகில் உள்ள விஷயம். கத்தியே படாமலும் ஒட்டு வரலாம். இடுப்பறைக் கிருமித்தொற்றும் வயிற்றுக் காசநோயும் குடல்களைக் கட்டிப்போடுவதை நம் ஊர் மருத்துவர்கள் நன்கு அறிவார்கள்.

“அப்படியானால் ஒட்டுகளை வெட்டிவிட வேண்டியதுதானே?” என்று கேட்பாய். வெட்டிய இடமும் காயம்தான், அங்கே மறுபடி ஃபைப்ரின் உறையும். நெடுநாள் வயிற்று வலி உள்ள, ஒட்டுகள் இருப்பது உறுதியான 100 பேரிடம் நெதர்லாந்தில் ஒரு சோதனை நடத்தி 2003இல் வெளியிட்டார்கள். பாதிப்பேருக்கு லேப்ராஸ்கோப்பியில் ஒட்டுகளை வெட்டினார்கள், மற்றவர்களுக்கு உள்ளே பார்த்ததோடு சரி. யாருக்கு எது நடந்தது என்பது நோயாளிகளுக்குத் தெரியாது. ஓராண்டுக்குப் பின் இரு சாராருக்குமே வலி குறைந்திருந்தது, இருவருக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. வலிக்கென்று மட்டும் ஒட்டை வெட்டுவதில் மருத்துவர்கள் தயங்க இந்த முடிவும் ஒரு காரணம். உருவாகி முதிர்ந்த ஒட்டைக் கரைக்கும் மாத்திரையும் இல்லை, லேகியமும் இல்லை. இருக்கிறது என்று விற்பவரிடம் பணம் கொடுக்காதே.

எனவே எங்கள் கவனமெல்லாம் ஒட்டு உருவாகாமல் பார்த்துக்கொள்வதில்தான். இதில் கையுறையின் கதை ஒரு நல்ல பாடம். எளிதில் மாட்டவும் கழற்றவும் ரப்பர் கையுறைகளில் முன்பு டால்க் பொடி தூவினார்கள். அது வயிற்றுக்குள் உதிர்ந்து ஒட்டுகளை உண்டாக்குகிறது என்று தெரிந்ததும் சோள ஸ்டார்ச்சுக்கு மாறினார்கள். அதுவும் அதே வேலையைச் செய்தது. கடைசியில் 2017 ஜனவரியில் அமெரிக்கா பொடி தூவிய மருத்துவக் கையுறைகளையே தடை செய்தது. அதே டால்க்கை வேறோர் இடத்தில் வேண்டுமென்றே பயன்படுத்துகிறோம். புற்றுநோயால் நுரையீரலைச் சுற்றி நீர் திரும்பத் திரும்பச் சேர்பவர்களுக்கு நெஞ்சறைக்குள் டால்க்கைச் செலுத்தி, நுரையீரலை நெஞ்சுச் சுவரோடு ஒட்டவைப்பார்கள். நீர் சேர இடமே இராது.

கீல் நகரத்து மகப்பேறு மருத்துவர் குர்ட் செம் 1980இல் முதன்முதலாக லேப்ராஸ்கோப்பி மூலம் குடல்வாலை அகற்றினார். உனக்கு நடந்ததும் அந்த வகைதான். கீறல் சிறிது, குடலைக் கையால் அளையும் வேலையும் குறைவு. அதனால் ஒட்டுகளும் பொதுவாகக் குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. காயப் பரப்புகள் நடுவே வைத்தால் சில நாட்கள் தடுப்பாக நின்று பிறகு உடலிலேயே கரைந்துவிடும் மெல்லிய படலங்களும் வந்துள்ளன. ஹயலுரோனிக் அமிலம் கலந்த அப்படி ஒன்றுக்கு 1996இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனாலும் திசுவை மென்மையாகக் கையாள்வதும், ஈரம் உலராமல் காப்பதும், கசிந்த ரத்தத்தைக் கழுவி எடுப்பதும்தான் இன்றும் முதல் தடுப்பு. எல்லாவற்றுக்கும் மேலான தடுப்பு, தேவையற்ற ஆபரேஷனைச் செய்யாமல் இருப்பது. உன் ஆபரேஷன் தேவையானது. வெடிக்கவிருந்த குடல்வாலை விட்டுவைத்திருந்தால் சீழ் பரவி இதைவிடப் பல மடங்கு ஒட்டு வந்திருக்கும்.

நீ செய்யவேண்டியது இரண்டுதான். மேலே சொன்ன முறுக்கு வலி, வாந்தி, உப்பல், காற்றுப் பிரியாமை எல்லாம் சேர்ந்து வந்தால் வாயுப்பிடிப்பு என்று சோடா குடித்துக்கொண்டு வீட்டில் இருக்காதே, அன்றே மருத்துவமனைக்குப் போ. இன்னொன்று, எந்த மருத்துவரிடம் எதற்குப் போனாலும், எத்தனை ஆண்டு கழிந்திருந்தாலும், “எனக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆகியிருக்கிறது” என்று சொல். ஒட்டு பல சமயம் ஸ்கேனில் நேராகத் தெரியாது, நீ சொல்லும் அந்த ஒரு வாக்கியம்தான் மருத்துவரை அந்தப் பக்கம் யோசிக்கவைக்கும். அம்மாவிடம் உன் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்து, கைபேசியிலும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள். அம்மாவின் சிசேரியன் காகிதங்களையும் தேடி அதே கோப்பில் சேர்த்து வை.

அன்புடன்,
அத்தை