பழைய வயலினா, புதிய வயலினா?

வயலின் வாங்கப்போகும் பேரவை இளையர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்பது இதுதான்: "அக்கா, பழைய வயலினுக்குத்தானே நாதம் அதிகம்?"

இந்நம்பிக்கையின் ஊற்று இத்தாலியின் கிரெமோனா நகரம். 1737இல் மறைந்த ஸ்ட்ராடிவாரி அங்குச் செய்த வயலின்கள் இன்று பல மில்லியன் டாலருக்கு விலைபோகின்றன. வார்னிஷில்தான் இரகசியம் என்றனர் சிலர். ஆனால், 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அவருடைய ஐந்து கருவிகளில் சாதாரண எண்ணெயையும் பைன் பிசினையுமே கண்டது. மரத்தின் மூப்பு அப்படியன்று. மூன்று நூற்றாண்டுகளில் மரத்திலுள்ள ஹெமிசெல்லுலோஸ் கணிசமாகச் சிதைகிறது. அதனால் மரம் ஈரத்தைக் குறைவாகவே ஈர்க்கிறது.

ஆனால், இதனைக் காது உணர்கிறதா? 2010இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில், கிளோடியா ஃபிரிட்ஸ், ஜோசப் கர்ட்டின் முதலியோர் ஒரு விடுதி அறையில் 21 கலைஞர்களிடம் ஆறு வயலின்களைக் கொடுத்தனர். மூன்று புதியவை, மூன்று பழையவை. கண்களுக்குக் கறுப்புக் கண்ணாடி. பழைய மரத்தின் மணம் காட்டிக்கொடுக்காதிருக்க முகவாய்க்கட்டையின் கீழ் வாசனைத் திரவியம்! வீட்டுக்குக் கொண்டுசெல்ல 13 பேர் புதியதையே தேர்ந்தெடுத்தனர். மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரி. விடுதி அறை போதாது என்ற குறை எழவே, 2012இல் பாரிஸில் பத்துத் தனிக்கலைஞர்களைக் கொண்டு அரங்கிலும் சோதித்தனர். அங்கும் அறுவர் புதியதையே விரும்பினர்.

உண்மையில், 'பழைய' வயலின் முழுதும் பழையதன்று. பெரும்பாலானவற்றின் கழுத்தும் உள்ளே ஒட்டிய பாஸ் பாரும் பின்னாளில் மாற்றப்பட்டவை. நரம்புத் தந்திகளின் இடத்தில் இன்று உலோக, செயற்கை இழைத் தந்திகள்.

மேற்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் இடையே ஒட்டாமல் நிற்கும் சிறு குச்சியான சவுண்ட் போஸ்ட்டை இத்தாலியர் 'ஆன்மா' என்பர். அது ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே நாதம் மாறும். குதிரையின் உயரமும் தடிப்பும் அவ்வாறே. நம் நாட்டு ஈரக்காற்றும் குளிர்சாதன அறையும் மாறிமாறித் தாக்கும்போது மரம் உப்பிச் சுருங்குகிறது, ஒட்டும் விடுகிறது.

ஒன்றை மறக்கலாகாது: அச்சோதனைகளில் வாசித்தோர் மேற்கத்திய இசைக் கலைஞர்கள். நாமோ ச-ப-ச-ப எனத் தந்திகளைத் தாழ்த்திச் சுருதி சேர்க்கிறோம்; இழுவிசை குறைகிறது. அவர்களுக்குக் கணீரென ஒலித்த கருவி நம் சுருதியில் மந்தமாகலாம். ஆகவே, கடையில் நம் சுருதிக்குத் தந்திகளை இறக்கச் சொல்லுங்கள். உள்ளே ஒட்டியுள்ள பெயர்ச்சீட்டைப் பாராமல் கமகத்தோடு வாசியுங்கள்; நண்பர் ஒருவரைத் தொலைவில் நின்று கேட்கச் சொல்லுங்கள். விலையைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.