யார் பக்கம் உட்கார்ந்து சிரித்தோம்?



இந்த மாத வேதபாடத்தை ஒரு அறிக்கையோடு தொடங்குகிறேன். போன மாதம் என் தங்கை மகன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். அவன் மொபைலில் ஒரு பேய்ப்படம் ஓடிக்கொண்டிருந்தது. "இதெல்லாம் ஏன்டா பார்க்கிறே?" என்று அதட்டினேன். "மாமா, இது பயப்படுற படம் இல்ல, சிரிக்கிற படம். பத்து நிமிஷம் பாத்துட்டு அப்புறம் திட்டுங்க" என்றான். தெரியாமல் கண்டிக்கக்கூடாதே என்று நானும் உட்கார்ந்தேன்.

'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்' என்ற அமெரிக்கப் பட வரிசையில் 1987-ல் வந்த மூன்றாவது படம் அது. பிரெடி குரூகர் என்பவன் சிறுபிள்ளைகளைக் கொன்ற கொலைகாரன். பெற்றோர்கள் சேர்ந்து அவனை எரித்துவிட்டார்கள். செத்தபின் அவன் கனவில் வந்து அவர்களுடைய பிள்ளைகளைக் கொல்லுகிறான். மனநல ஆஸ்பத்திரியில் இருக்கிற ஒரு பெண்ணுக்கு டிவி நடிகையாக வேண்டுமென்று ஆசை. ஒரு ராத்திரி டிவி பெட்டியிலிருந்தே அவன் வருகிறான். உனக்கு டிவியில் வாய்ப்பு வந்துவிட்டது என்கிற மாதிரி ஒரு ஜோக் அடித்துவிட்டு, அவள் தலையை அந்தப் பெட்டிக்குள்ளேயே மோதிக் கொல்லுகிறான்.

நான் சிரித்துவிட்டேன், பிரியமானவர்களே. வாய்விட்டே சிரித்துவிட்டேன். அடுப்படியிலிருந்து என் மகள், "எதுக்குப்பா சிரிக்கிறீங்க?" என்று கேட்டாள். அவளுக்கும் ஏறக்குறைய அந்தப் பெண்ணின் வயசுதான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்று இரவு முழங்காலில் நின்றபோதும் வார்த்தை வரவில்லை.

ஏன் சிரித்தேன்? ஒன்று, சரீரத்தின் காரியம். பயத்தில் மூச்சு அடங்கி, கை இறுகிப் போயிருக்கும்போது ஒரு ஜோக் விழுந்தால், அடக்கி வைத்த மூச்சு சிரிப்பாக வெளியே வந்துவிடும். ராட்டினம் கீழே இறங்கும்போது வருகிற சிரிப்பு மாதிரி. அதைப் பாவம் என்று நான் சொல்லமாட்டேன். எலியாவே பாகால் தீர்க்கதரிசிகளைப் பரியாசம்பண்ணினானே (1 இராஜா. 18:27).

என்னை உறுத்தினது வேறு. அந்தப் படத்தில் ஜோக் முழுவதும் கொலைகாரன் வாயில் இருக்கிறது. சாகிற பிள்ளைக்குக் கூச்சல் மட்டும்தான். யார் நம்மைச் சிரிக்க வைக்கிறானோ அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறோம், நமக்கே தெரியாமல்! 1984-ல் வந்த முதல் படத்தில் அவன் பெரும்பாலும் பயமுறுத்துகிறவன்தான். போகப்போக ஜோக் கூடிற்று. அமெரிக்காவில் சின்னப் பிள்ளைகள் அவனைப் போலவே தொப்பியும் கோடு போட்ட சட்டையும் மாட்டிக்கொண்டு ஹாலோவீன் நாளில் தெருவில் போனார்கள். பிள்ளைகளைக் கொன்றவன் பிள்ளைகளுக்கே பிரியமானவன் ஆகிவிட்டான். 1988-ல் வந்த நாலாவது படம் அமெரிக்காவில் ஏறக்குறைய 5 கோடி டாலர் வசூலித்தது. அவனை உண்டாக்கின இயக்குநர் வெஸ் கிரேவன், 1994-ல் கோமாளித்தனத்தைக் குறைத்து, அவனை மறுபடியும் பயங்கரமானவனாகக் காட்டினார். அதற்கு 2 கோடி டாலர்கூட வரவில்லை.

அந்த வெஸ் கிரேவனைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் கண்டிப்பான பாப்டிஸ்ட் குடும்பத்தில், சினிமாவே கூடாது என்று வளர்க்கப்பட்டவர். வீட்டன் என்ற கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். "டிவி பெட்டியை வெளியே தூக்கிப்போடு" என்று பிரசங்கித்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் இதைச் சொல்லுகிறேன்.

இனி வேதத்துக்கு வருவோம். நீதிமொழிகள் 26:18,19-ல், கொல்லுகிற ஆயுதங்களை வீசிவிட்டு விளையாட்டுக்குத்தான் செய்தேன் என்கிற ஒருவனைப் பார்க்கிறோம். நியாயாதிபதிகள் 16-ல் கண் பிடுங்கப்பட்ட சிம்சோனை வேடிக்கை காட்டக் கொண்டுவருகிறார்கள்; மேல்வீட்டில் மாத்திரம் ஏறக்குறைய மூவாயிரம் பேர். நம் ஆண்டவருக்கும் சேவகர்கள் இதையே செய்தார்கள். கண்ணைக் கட்டி, அடித்தவன் யார் என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள் (லூக்கா 22:64). முள்முடி, சிவப்பு அங்கி, கையில் ஒரு கோல், முன்னால் முழங்கால்! அந்த முற்றத்தில் நானும் நின்றிருந்தால் முகத்தைத் திருப்பியிருப்பேன் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

மறுநாள் காலை தங்கை மகனிடம் கேட்டேன்: "அந்தப் பொண்ணு பேர் என்னடா?"

அவன் அந்தப் படத்தை மூன்று தடவை பார்த்திருக்கிறான். "தெரியல மாமா" என்றான். பிறகு மொபைலில் தேடிப் பார்த்து, மெதுவாக, "ஜெனிபர்" என்றான். நம்முடைய ஞாயிறு பள்ளியில் அந்தப் பேரில் மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் மத்தேயு 27:27 முதல் 44 வரை சேர்ந்து வாசிப்போம். வாலிபர்கள் வேதாகமத்தோடு ஒரு பென்சிலும் கொண்டு வாருங்கள். அந்தப் பகுதியில் பேசுகிறவர்கள் யார் யார், பேசாமல் இருக்கிறவர் யார் என்று அடிக்கோடிட்டுப் பார்ப்போம்.