மாடு வளர்ப்போர் செலுத்தும் மேம்பாட்டுக் கட்டணமும் அதன் செலவும்

தனியொரு கமக்காரனால் தன் விளைபொருளுக்கு விளம்பரம் செய்யவோ, அதனைப் பற்றி ஆராய்ச்சி நடத்தவோ இயலாது. பலர் சிறு தொகையைச் செலுத்தி ஒரு நிதியைத் திரட்டின் இவை யாவும் இயலும். இலங்கையில் ஏற்றுமதித் தேயிலை மீது அறவிடப்பட்ட தீர்வையைக் கொண்டு 1932 ஆம் ஆண்டிலே தேயிலைப் பிரசார சபை தொழிற்படத் தொடங்கியது இம்முறைக்கு ஓர் உதாரணமாகும். ஐக்கிய அமெரிக்காவில் மாடு வளர்ப்போர் செலுத்தும் கட்டணம் பிறிதோர் உதாரணமாகும்.

இறைச்சிக்காக மாடு வளர்த்தல் நெல், மரக்கறிச் செய்கையாளருக்கு உரிய தொழிலன்று. எனினும், பலரிடம் திரட்டிய பணத்தைக் கையாளும் முறை, கமக்காரர் அமைப்புக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் சந்தா செலுத்தும் ஒவ்வொருவரும் அறிய வேண்டியதாகும்.

கட்டணம் அறவிடும் முறை

1985 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாராளுமன்றம் இதற்கான சட்டத்தை நிறைவேற்றியது. 1986 ஒக்டோபர் 1 ஆந் திகதி தொடக்கம் மாடு விற்கப்படும் ஒவ்வொரு முறையும் தலைக்கு 1 டொலர் அறவிடப்படுகின்றது. விற்பவனுக்குப் பணம் கொடுப்பவர் அத்தொகையைக் கழித்துக்கொண்டே மீதியைக் கொடுப்பார். ஒரு கன்று ஏலத்தில் விற்கப்பட்டு, பின்னர் கொழுக்க வைப்பவருக்கு விற்கப்பட்டு, ஈற்றில் இறைச்சித் தொழிற்சாலையை அடையுமாயின், அதன்பொருட்டு 3 டொலர் சேரும். பாற்பண்ணையாளர் விற்கும் மாடுகளுக்கும் இக்கட்டணம் உண்டு. இறக்குமதியாகும் மாடுகளுக்கும் இறைச்சிக்கும் இதற்கு ஈடான தொகை அறவிடப்படும்.

தொடக்கத்தில் விரும்பாதோர் பணத்தைத் திருப்பிப் பெறலாம் என்ற ஏற்பாடு இருந்தது. 1988 மே மாதத்தில் நடைபெற்ற வாக்கெடுப்பில் 79 சதவீதத்தினர் திட்டத்தை ஆதரித்தனர். அதன்பின் கட்டணம் கட்டாயமாயிற்று.

பணம் பங்கிடப்படும் விதம்

ஒரு டொலரில் 50 சதம் வரையில் அவ்வம் மாநிலத்து மாட்டிறைச்சிச் சபை வைத்துக்கொள்ளலாம். மீதி தேசிய சபைக்கு அனுப்பப்படும். 100 கன்றுகளை விற்கும் ஒருவர் 100 டொலர் செலுத்துகின்றார். அதில் 50 டொலர் தம் மாநிலத்திலும் 50 டொலர் தேசிய அளவிலும் செலவாகும் எனக் கொள்ளலாம். தேசிய சபையின் அங்கத்தவர், மாடு வளர்ப்போரிலும் இறக்குமதியாளரிலும் இருந்து முன்மொழியப்பட்டு, அந்நாட்டு விவசாயச் செயலாளரால் நியமிக்கப்படுவர். எத்திட்டத்துக்கு எவ்வளவு கொடுப்பது என்பதை 20 பேர் கொண்ட குழு தீர்மானிக்கும். இவர்களுள் 10 பேர் தேசிய சபையையும், 10 பேர் மாநிலச் சபைகளின் கூட்டமைப்பையும் சேர்ந்தோராவர்.

செலவினங்கள்

1. விளம்பரம்: இரவுணவுக்கு உரியது மாட்டிறைச்சியே என்னும் கருத்தை வானொலி, தொலைக்காட்சி வாயிலாக மக்கள் மனத்திற் பதிக்கும் முயற்சி 1992 இல் தொடங்கியது.

2. ஆராய்ச்சி: மாட்டின் தோட்பகுதி இறைச்சி கடினமானது எனக் கருதப்பட்டு, பெரும்பாலும் அரைத்தே மலிவாக விற்கப்பட்டது. நெபிராஸ்கா, புளோரிடா பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சியாளர் தசைகளைத் தனித்தனியே ஆராய்ந்து, தோட்பகுதியின் ஒரு தசை மிக மென்மையானது எனக் கண்டனர். அதன் நடுவே செல்லும் தடித்த சவ்வை நீக்கி வெட்டும் முறை பரவியபின், அத்துண்டு நல்ல விலைக்கு விற்பனையாயிற்று. இறைச்சியிற் காணப்படும் நோய்க்கிருமிகளைக் கட்டுப்படுத்தும் ஆராய்ச்சிக்கும் இந்நிதி உதவுகின்றது.

3. வளர்ப்போருக்கான போதனை: மாட்டின் பின்புறத்தில் ஊசி ஏற்றுவதால் விலைமிக்க இறைச்சியில் தழும்பு உண்டாகிப் பெரும் பகுதி கழிக்கப்பட்டது. கழுத்திலே ஊசி ஏற்றும்படி போதிக்கப்பட்டதன் பயனாக இந்நட்டம் வெகுவாகக் குறைந்தது.

4. ஏனையவை: சமையல், போசணை பற்றிய அறிவுரை, யப்பான், கொரியா முதலிய வெளிநாட்டுச் சந்தைகளில் விற்பனை முயற்சி, கட்டணம் செலுத்துவோருக்கு அறிக்கை அனுப்புதல்.

செலவுக்கு விதிக்கப்பட்ட எல்லைகள்

தேசிய சபையின் நிருவாகச் செலவு, எதிர்பார்க்கப்படும் ஆண்டு வருமானத்தில் 5 சதவீதத்தைத் தாண்டலாகாது. அரசாங்கத்தின் கொள்கையை மாற்றுவதற்கான முயற்சிகளுக்கு இப்பணத்தைப் பயன்படுத்தல் ஆகாது. வேலையை ஏற்றுக்கொள்ளும் சங்கங்களுக்கு, உண்மையாகச் செய்த செலவு மாத்திரமே ஈடுசெய்யப்படும். அவை இலாபம் பெறுதல் இயலாது.

குறைகளும் அவற்றின் பாடமும்

நல்ல விதிகள் இருப்பது மாத்திரம் போதாது. பெரும்பாலான ஒப்பந்தங்களைப் பெறும் தேசியச் சங்கம் அரசாங்கக் கொள்கை பற்றியும் வாதாடும் சங்கமாகும். ஆதலால் இருவகைப் பணமும் கலவாதிருத்தல் அவசியம். 2010 ஆம் ஆண்டுக் கணக்காய்வில் சில செலவுகள் இந்நிதியின் மீது தவறாகச் சாட்டப்பட்டமை வெளிப்பட்டது. 2 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தொகை திருப்பிச் செலுத்தப்பட்டது.

இதனினும் கொடிய நட்டம் ஒக்லஹோமா மாநிலத்தில் நேர்ந்தது. அங்கு கணக்கு வேலையைக் கவனித்த ஒருவர், பல ஆண்டுகளாகக் கள்ளக் கையொப்பமிட்ட காசோலைகளால் ஏறக்குறைய 26 இலட்சம் டொலரைக் கவர்ந்தார். அது 2016 இல் வெளிப்பட்டு, 2018 இல் தண்டனை விதிக்கப்பட்டது. தலைக்கு 1 டொலர் என்ற கணக்கில் அது 26 இலட்சம் மாடுகளின் கட்டணத்துக்குச் சமமாகும்.

உள்நாட்டு இறைச்சியையும் இறக்குமதி இறைச்சியையும் வேறுபடுத்தாத விளம்பரத்துக்குத் தாம் ஏன் பணம் கொடுத்தல் வேண்டும் எனச் சிலர் வழக்காடினர். இது அரசாங்கத்தின் கூற்றேயாதலின் கட்டணம் செல்லும் என 2005 இல் உயர் நீதிமன்றம் 6 நீதியரசருக்கு 3 நீதியரசர் என்ற பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது.

செலவிட்ட ஒவ்வொரு டொலருக்கும் 11 டொலர் 91 சதம் மாடு வளர்ப்போருக்குத் திரும்பக் கிடைத்தது என 2014 முதல் 2018 வரையிலான காலத்தைப் பற்றிய ஆய்வொன்று மதிப்பிட்டது. அவ்வாய்வைச் செய்வித்தது அச்சபையே என்பதையும், நாடு முழுவதற்குமான அம்மதிப்பீடு ஒவ்வொரு பண்ணைக்கும் பொருந்தாது என்பதையும் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை

1. செலுத்தும் ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டுப் பெறுக.
2. நிருவாகச் செலவுக்கு ஓர் உச்ச எல்லை உண்டா என விசாரித்து அறிக.
3. காசோலையில் ஒப்பமிடுபவரும் கணக்கு எழுதுபவரும் ஒருவராகவே இருக்க இடங்கொடாதீர்கள்.
4. வங்கிக் கூற்றையும் கணக்குப் புத்தகத்தையும் ஆண்டுதோறும் வெளியார் ஒருவரைக் கொண்டு ஒப்பிடச் செய்க.
5. செலவான தொகையை மாத்திரமன்றி, அதனால் வயலிலும் சந்தையிலும் விளைந்த பயனையும் பொதுக் கூட்டத்திற் கேளுங்கள்.

கணக்குக் கேட்பது சங்கத்தின்மேற் கொண்ட பகையன்று. கேட்கும் அங்கத்தவர் உள்ள சங்கத்திலேயே பணம் உரிய வழியிற் செலவாகும்.