மலைப் பாதையில் மோட்டார் சைக்கிளும் சமையலும்

தோழியரே, சோறு வேக என்னென்ன வேண்டும் என்று கேட்டால் அரிசி, தண்ணீர், நெருப்பு என்று நாம் உடனே சொல்லிவிடுவோம். காற்றின் அழுத்தமும் வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. மணாலியிலிருந்து லடாக்கின் லே நகருக்கு மோட்டார் சைக்கிளில் சென்று, வழியில் கூடாரம் அடித்துச் சமைத்து உண்பவர்கள் இதை வயிற்றால் உணர்கிறார்கள். நம் பௌதிகப் பாடமும் சமையலறையும் கைகோத்து நிற்கும் இப்பயணத்தைச் சற்று ஆராய்வோம்.

இப்பாதையில் கூடாரம் அடிக்கப் பெயர்பெற்ற இடம் சர்ச்சு. அதன் உயரம் சுமார் 4,290 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குதான். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் முன்னதாகவே கொதித்துவிடும். நம் ஊரில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர் சர்ச்சுவில் சுமார் 86 டிகிரியிலேயே கொதிக்கிறது. தீயைக் கூட்டினாலும் பயனில்லை. நீர் ஆவியாகித் தீருமே தவிர, அதற்கு மேல் சூடேறாது. சோறு நெடுநேரம் எடுத்து அரைவேக்காடாக நிற்கும். துவரம்பருப்போ மசியவே மசியாது. ஆகவே சிறிய பிரஷர் குக்கர் ஒன்று அங்கே ஆடம்பரம் அன்று. மூடிய குக்கருக்குள் அந்த உயரத்திலும் சுமார் 113 டிகிரி கிடைக்கும். அதன் ரப்பர் வளையம் ஒன்றை வண்டியின் உதிரிப்பாகங்களோடு சேர்த்து வைப்பவர்களே கெட்டிக்காரர்கள் என்போம்.

அரிசியைச் சோதிக்கும் அதே மெல்லிய காற்று எஞ்சினையும் சோதிக்கிறது. பெட்ரோல் எரியப் பிராணவாயு வேண்டும் அல்லவா? 5,300 மீட்டருக்கு மேற்பட்ட தங்லங் லா கணவாயில் காற்றழுத்தம் ஏறத்தாழப் பாதியாகிவிடுவதால், எஞ்சினின் வலிமையும் ஏறக்குறைய அந்த அளவுக்குக் குறைகிறது. கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகளில் காற்று குறைந்து பெட்ரோல் மிகுதியாகி, ஸ்பார்க் பிளக்கில் கரி படியும். மாற்றுப் பிளக்கும் அதைக் கழற்றும் ஸ்பேனரும் கையில் இல்லாதவர் நடுவழியில் நிற்க வேண்டியதுதான். 2020-க்குப் பின் வந்த புதிய வண்டிகளில் பெட்ரோலின் அளவை மின்னணுக் கருவி சரிசெய்துகொள்கிறது. ஆயினும் இல்லாத காற்றை அதனால் உண்டாக்க முடியாது. (இம்மலைகளில் பெரிதும் காணப்படும் புல்லட் வண்டியின் இந்தியத் தயாரிப்பு 1955-இல் நம் சென்னையில் தொடங்கியது என்பதில் நமக்குச் சிறு பெருமை உண்டு.)

கிளட்ச் கம்பி, ஆக்ஸிலேட்டர் கம்பி, டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான்கள், காற்றடிக்கும் பம்பு, செயின் இணைப்பு, பியூஸ் ஆகியவை அவசியம். புதிய கிளட்ச் கம்பியைப் பழையதன் பக்கத்திலேயே முன்கூட்டிக் கட்டிவைப்பதும் உண்டு. அறுந்தால் முனைகளை மட்டும் மாற்றினால் போதும். குளிரில் விறைத்த விரல்களுக்கு இது எத்தனை பெரிய உதவி!

அடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறிய கேஸ் டப்பாக்களில் வெறும் பியூட்டேன் இருந்தால், கடுங்குளிரில் அது சரிவர ஆவியாகாமல் திரவமாகவே நிற்கும், அடுப்பு எரியத் திணறும். நம் பாட்டிமார் அறிந்த மண்ணெண்ணெய்ப் பம்பு ஸ்டவ் இங்கே கைகொடுக்கும். அதற்குப் பின்னும் தோல் வாஷரும் வேண்டும். கார்புரேட்டரின் ஜெட்டும் ஸ்டவ்வின் துளையும் ஒரே தன்மையுடையவை: மயிரிழை போன்ற வழி, ஒரு தூசி போதும் அடைப்பதற்கு. ஸ்டவ்வுக்குப் பின் குத்திப் பழகிய பெண்ணுக்குக் கார்புரேட்டர் ஒன்றும் புதிராக இராது.

எத்தனை குளிரானாலும் கூடாரத்துக்குள் அடுப்பை ஏற்றக் கூடாது. காற்றோட்டமில்லாத இடத்தில் உண்டாகும் கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமோ நிறமோ இல்லை. உறங்குபவர் உறக்கத்திலேயே இறந்துபோவார். குளிர்காய அல்ல, சமைக்க மட்டுமே அடுப்பு. அதுவும் வெளியே, கல் அடுக்கிக் காற்றுக்கு மறைப்புக் கட்டி.

இன்னொரு சிக்கனமும் உண்டு. காலையில் கொண்டைக்கடலையை இறுக மூடிய டப்பாவில் ஊறப்போட்டுப் பையில் வைத்தால், வண்டி குலுங்கக் குலுங்க அது ஊறிக்கொண்டே வரும். மாலையில் குக்கரில் ஏற்றினால் எண்ணெய்ச் செலவு பாதி மிச்சம்.